ஆசிரியர் பதில்கள்: கண்ணால் கண்டதும் பொய்யா?

கேள்வி: தெருமுனையில் நடந்த பைக் விபத்தை நானும் தம்பியும் திண்ணையிலிருந்து பார்த்தோம். வண்டி வேகமாக வந்தது என்கிறான் அவன். மெதுவாகத்தான் வந்தது என்கிறேன் நான். யார் சொல்வது பொய்? (உளவியல் மாணவி, திண்டுக்கல்)

பதில்: இருவருமே பொய் சொல்லவில்லை, மகளே. விபத்துக்குப் பிறகு உங்களிடம் யார், எந்தச் சொல்லைப் போட்டுக் கேட்டார்கள் என்று யோசித்துப் பார். 1974-ல் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பால்மர் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களுக்குக் கார் விபத்துகளின் சிறு திரைப்படங்களைக் காட்டினார்கள். 'கார்கள் தொட்டுக்கொண்டபோது என்ன வேகம்?' என்று கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்கு 31.8 மைல் என்றார்கள். 'மோதி நொறுங்கியபோது' என்று கேட்கப்பட்டவர்கள் சொன்னது 40.5 மைல். மாறியது ஒரு வினைச்சொல்தான். அடுத்த சோதனையில், ஒரு வாரம் கழித்து, 'உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா?' என்றார்கள். 'நொறுங்கிய' என்ற சொல்லைக் கேட்டிருந்த 50 பேரில் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை!

என் வகுப்பிலும் இதைச் செய்து பார்த்திருக்கிறேன். சக ஆசிரியர் ஒருவர் உள்ளே வந்து, மேசைமேல் இருந்த டஸ்டரை எடுத்துக்கொண்டு போனார். அவர் தோளில் கிடந்த துண்டு என்ன நிறம் என்று கேட்டேன். வெள்ளை என்றார்கள், பச்சைக்கரை என்றார்கள். ஒரு பையன் சத்தியமே செய்தான். அவர் துண்டு போட்டு வரவில்லை. அன்றிலிருந்து எந்தக் குழந்தையையும் 'பொய் சொல்லாதே' என்று அதட்டுவதை விட்டுவிட்டேன்.

கேள்வி: சாட்சி என்ற முறையில் என் அண்ணனை போலீஸார் விசாரித்து எழுதிக்கொண்டார்கள். அதில் கையெழுத்துப் போட வேண்டுமா? (வாசகர், கடலூர்)

பதில்: வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 181-ஆம் பிரிவு, அத்தகைய வாக்குமூலத்தில் சாட்சியின் கையெழுத்தை வாங்கக் கூடாது என்கிறது. பழைய சட்டத்தில் இது 162-ஆம் பிரிவு. ஆனால் உங்கள் அண்ணனே புகார் கொடுப்பவராக இருந்தால், அந்தப் புகாரில் கையெழுத்திட வேண்டும்; முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டு அலைபவர்கள் ஏராளம்.

கேள்வி: குடவோலை முறையை மக்களாட்சி என்று சொல்லலாமா? (பத்தாம் வகுப்பு மாணவன், செங்கல்பட்டு)

பதில்: முழுதாகச் சொல்ல முடியாது, தம்பி. குடத்தில் ஓலை இட்டு ஊர்ச் சபைக்கு ஆள் எடுத்த உத்திரமேரூர் அன்று சதுர்வேதிமங்கலம், அதாவது பிராமணர்களின் ஊர். கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வயது, வேதப் பயிற்சி என்று நிபந்தனைகள் இருந்தன. பெண்களுக்கும் உழுத கைகளுக்கும் அங்கே இடமில்லை. இதை மறைத்துப் பெருமை பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் பராந்தகச் சோழன் காலத்து அந்த 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டை ஒருமுறை நிதானமாகப் படி. வாரியத்தில் (ஊர் நிர்வாகக் குழுவில்) இருந்து கணக்குக் காட்டாதவன் மட்டுமல்ல, அவன் நெருங்கிய உறவினர்களும் தகுதியற்றவர்கள். 30 குடும்புகளிலிருந்தும் (ஊரின் பிரிவுகள்) பெயர் எழுதி வந்த ஓலைகளைக் குடத்தில் இட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனை எடுக்கச் சொல்வார்கள். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் அகல விரித்து, உள்ளங்கையில்தான் ஏற்க வேண்டும். வேறோர் ஓலையை விரலிடுக்கில் மறைத்து வைத்திருக்க வழியே இல்லை.