பெட்ரார்க், பொக்காச்சியோ போன்ற தொடக்ககால இத்தாலிய மனிதநேயவாதிகளிடம் (பழைய கிரேக்க, லத்தீன் நூல்களைத் தேடிப் படித்த 14, 15ஆம் நூற்றாண்டு அறிஞர்களிடம்) கிரேக்கத் தாக்கம் உண்மையில் எவ்வளவு?

முதல் தலைமுறையிடம் ஆசைதான் அதிகம், படிப்பு குறைவு. பெட்ரார்க் அவினியோனில் கலாப்ரியாத் துறவி பர்லாமிடம் கொஞ்சம் கிரேக்கம் கற்றார், அதுவும் பாதியில் நின்றுவிட்டது. 1354 வாக்கில் பைசாந்தியத் தூதர் (கிரேக்கம் பேசிய கிழக்கு ரோமப் பேரரசின் தூதர்) ஒருவர் பண்டைய கிரேக்கக் கவி ஹோமரின் கையெழுத்துப் பிரதியை அனுப்பியபோது, ஹோமர் என்னிடம் ஊமையாக இருக்கிறார், இல்லை, நான்தான் அவருக்குச் செவிடாக இருக்கிறேன் என்று பதில் எழுதினார். படிக்க முடியாத அந்தப் புத்தகத்தைக் கட்டியணைத்துப் பெருமூச்சு விடுவதாகவும் சொல்கிறார். எப்போது படித்தாலும் மனதைப் பிசையும் இடம் அது.

அப்புறம் பொக்காச்சியோ, 1360இல் கிரேக்கம் அறிந்த கலாப்ரியாக்காரர் லியோன்சியோ பிலாட்டோவைப் பிளாரன்சுக்கு வரவழைத்து, தன் வீட்டிலேயே தங்கவைத்து, ஹோமரின் இலியட், ஒடிசி இரண்டையும் லத்தீனுக்குக் கொண்டுவரச் செய்தார். சொல்லுக்குச் சொல் பெயர்த்த கரடுமுரடான உரைநடைதான்.

உண்மையான திருப்பம் 1397. பிளாரன்ஸ் அரசின் தலைமைச் செயலர் சலுட்டாட்டி முன்னின்று அழைத்ததால் பைசாந்திய அறிஞர் மானுவல் கிரிசொலோராஸ் பிளாரன்சில் கிரேக்கம் கற்பிக்க வந்தார், சுமார் மூன்று ஆண்டுகள்தான் இருந்தார். சட்டம் சொல்லித்தர எத்தனையோ பேர் கிடைப்பார்கள், கிரேக்கத்துக்கு இவர் ஒருவர்தானே என்று யோசித்து, சட்டப் படிப்பை விட்டுவிட்டு அவரிடம் போனவர் லியோனார்டோ புரூனி; பிறகு பிளாட்டோ, அரிஸ்டாட்டில், புளூட்டார்க் நூல்களை நல்ல லத்தீனில் தந்தார். ஆனால் மொழிபெயர்ப்பை மட்டும் பார்க்காதீர்கள்: பிளாரன்சைப் புகழ்ந்து புரூனி எழுதிய உரைக்கு, பண்டைய கிரேக்கப் பேச்சாளர் ஏலியஸ் அரிஸ்டிடெஸ் ஏதென்சைப் புகழ்ந்த உரைதான் முன்மாதிரி. 1428 வாக்கில் படைத்தலைவர் நன்னி ஸ்ட்ரோசிக்கு எழுதிய இரங்கல் உரையில், கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் பதிவுசெய்த, போரில் இறந்தோருக்காக ஏதென்ஸ் தலைவர் பெரிக்கிளீஸ் ஆற்றிய உரையின் குரல் தெளிவாகவே கேட்கும்.