என்கிரிப்ட் செய்த லேப்டாப் பாஸ்வேர்டை ஏற்கவில்லை என்றால் திறக்க வழி உண்டா?

உண்டு, மீட்புச் சாவி கிடைத்தால். என்கிரிப்ஷன் என்பது டிஸ்க்கில் உள்ளதைச் சாவியின்றிப் படிக்க முடியாதபடி உருமாற்றி வைப்பது. அந்தச் சாவி நீங்கள் தட்டும் பாஸ்வேர்டு அல்ல. டிஸ்க்கிலேயே பூட்டிக் கிடக்கும் நீண்ட எண். வீட்டுச் சாவியை ஒரு பெட்டியில் வைத்து, பெட்டிக்கு இரண்டு பூட்டுத்துளை போட்டது மாதிரி: ஒன்று பாஸ்வேர்டுக்கு, மற்றது மீட்புச் சாவிக்கு. ஒன்று மக்கர் செய்தாலும் மற்றது திறக்கும்.

முதலில் கேப்ஸ் லாக்கையும் கீபோர்டு மொழியையும் பாருங்கள். விண்டோஸின் என்கிரிப்ஷன் வசதியான பிட்லாக்கரில் மீட்புச் சாவி 48 இலக்க எண். வேறொரு கருவியில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, பூட்டுத்திரையில் தெரியும் கீ ஐடியோடு (சாவியின் அடையாளக் குறியீடு) பொருந்தும் சாவியைத் தேடுங்கள். அலுவலக லேப்டாப் என்றால் ஐடி பிரிவைக் கேளுங்கள்.

விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்தால் எல்லாம் திரும்பும் என்று பலர் நம்புகிறார்கள். லேப்டாப் ஓடும், பூட்டிய ஃபைல்கள் திரும்பாது.