மரவட்டை வளர்க்கும் கண்ணாடித் தொட்டியில் பூசணம் படர்ந்தால் மருந்து அடிக்கலாமா?

மரவட்டைகளும் ஐசோபாடுகளும் (ஈர மண்ணில் சருகைத் தின்று வாழும், இறால், நண்டு இனத்தைச் சேர்ந்த சிறு உயிர்கள்) இருக்கும் புதிய தொட்டியில், கட்டையின் மீதும் சருகுகளின் மீதும் வெள்ளைப் பூசணம் படர்ந்திருப்பதாகவும், ரோஜாச் செடிக்கு வாங்கிய பூஞ்சைக்கொல்லியை அதில் தெளிக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தெளிக்க வேண்டாம். அத்தகைய மருந்துகள் பலவற்றில் இருக்கும் செம்பு மண்ணிலேயே தங்கிவிடும். ஐசோபாடுகளோ செம்பைத் தம் உடலில் சேர்த்து வைத்துக்கொள்ளும் இயல்புடையவை. வினிகரும் பிளீச்சிங் பவுடரும் பூசணத்தோடு பிராணிகளையும் கொன்றுவிடும். வேப்பெண்ணெய் தீங்கற்றது என்று சிலர் சொல்லக்கூடும். வேம்பிலுள்ள அசாடிராக்டின் பூச்சிகளின் தோலுரிப்பைக் குலைக்கக்கூடியது என்பதால், தோலுரித்தே வளரும் இந்த உயிர்களிடம் அதைச் சோதித்துப் பார்க்க நான் துணிய மாட்டேன். நம் ஊரில் எங்கும் உதிர்ந்து கிடக்கும் வேப்பஞ்சருகையும் தொட்டியில் சேர்ப்பதில்லை. மாவிலை, நாட்டு வாதுமை இலை ஆகியவற்றின் காய்ந்த சருகுகளே போதும்.

புதிதாக அமைத்த தொட்டியில் முதல் சில வாரங்கள் வெள்ளைப் பூசணம் வருவது இயல்பு. கட்டையிலும் சருகிலும் எளிதில் கரையும் சர்க்கரைச் சத்து மிச்சமிருக்கும்; அதைத் தின்னப் பூஞ்சை முதலில் வருகிறது, தீர்ந்ததும் தானே அடங்குகிறது. மண்ணையும் சருகையும் கொதிக்க வைத்தோ வறுத்தோ போடுகிறவர்களின் தொட்டியில் இது இன்னும் வேகமாகப் பரவும், ஏனெனில் போட்டிக்கு இருந்த நுண்ணுயிர்களில் பெரும்பாலானவை அந்தச் சூட்டில் மடிந்துபோக, காலியான இடத்தை முதலில் வந்து விழும் பூஞ்சை வித்து பிடித்துக்கொள்கிறது.

உண்மையான மருந்து ஸ்பிரிங்டெயில் என்னும் மிகச் சிறிய வெள்ளை உயிரினம்தான். பூஞ்சை இழைகளையும் வித்துகளையும் மேய்ந்தே அது வாழ்கிறது. ஐசோபாடுகளுக்கோ மரவட்டைகளுக்கோ தொல்லை தராது. மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் அடுப்புக்கரித் துண்டுகளைப் போட்டு, அடியில் சிறிது நீர் விட்டு, நாலைந்து அரிசிமணிகளைத் தூவி வைத்தால் அவை அதில் பெருகும். தோலில் நீர் ஒட்டாததால், டப்பாவில் நீரை நிரப்பியதும் மிதந்து மேலே வந்துவிடும். அப்படியே தொட்டியில் ஊற்றிவிடலாம்.

ஆனால் ஈரம் மிகுதியாகவும் காற்று அசையாமலும் இருந்தால் ஸ்பிரிங்டெயிலாலும் சமாளிக்க முடியாது. செட்டிநாட்டில் இதுதான் சிக்கல். சித்திரை வெயிலில் எல்லாம் காய்ந்துவிடும் என்று அஞ்சி நாம் நாள்தோறும் நீர் தெளித்து மூடியை இறுக்கி வைக்கிறோம். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்து வெளிக்காற்றே ஈரமாக இருக்கும்போதும் அதே பழக்கத்தைத் தொடர்கிறோம். மண்ணை ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது. தொட்டியின் ஒரு பாதியை மட்டும் நனைத்து மறுபாதியை உலரவிடுங்கள். செவுள் போன்ற உறுப்புகளால் மூச்சுவிடும் ஐசோபாடுகள் தமக்கு வேண்டிய ஈரத்தைத் தாமே தேடிப் போய்க்கொள்ளும். எதிரெதிர்ப் பக்கங்களில் துளையிட்டு மெல்லிய கம்பிவலை ஒட்டினால் காற்று ஊடாடும். வைக்கும் இடமும் முக்கியம்: முற்றத்து நேர்வெயில் பட்டால் கண்ணாடிக்குள் இருப்பவை வெந்துவிடும், இரண்டாங்கட்டுத் தாழ்வாரம் போல நிழலும் காற்றோட்டமும் உள்ள இடமே ஏற்றது.

வெள்ளரித் துண்டு, காரட், மீன் தீவனம் போன்றவற்றை மாலையில் வைத்தால் மறுநாள் காலையில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். பச்சைப் பூசணம் பெரும்பாலும் அதில்தான் பிடிக்கிறது. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் பர்மாத் தேக்குத் துண்டுகளை அழகுக்காகப் போடுகிறவர்கள் உண்டு. அவற்றில் பூசணம் எளிதில் பிடிக்காதுதான். ஆனால் அதே காரணத்தால் மரவட்டைக்கு அவை உணவாகவும் ஆகா, வார்னிஷ் இருந்தால் கேடும் கூட.

பூசணத்தைத் துடைத்தே ஆக வேண்டும் என்று தோன்றினால், மேற்பரப்பில் உள்ள சருகையோ கட்டையையோ மட்டும் எடுத்துக் கழுவுங்கள். மண்ணைக் கிளறாதீர்கள். மரவட்டை தோலுரிக்கும் காலத்தில் மண்ணுக்குள் அறை அமைத்து, மெல்லிய உடலோடு அசையாமல் கிடக்கும். அப்போது கிளறினால் பிழைக்காது. இறந்த பிராணியின் மீது பூசணம் தெரிந்தால் உடனே அப்புறப்படுத்துங்கள். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் இந்த வேலையை அவர் செய்யாமல் இருப்பது நல்லது.

தொட்டியைத் திறந்ததும் அழுகல் வாடை வீசினால் மட்டும் நிலைமை வேறு. அடிமண்ணில் நீர் தேங்கிக் காற்றில்லாமல் போயிருக்கிறது என்று பொருள். அப்போது மண்ணை மாற்றத்தான் வேண்டும். பிராணிகளைப் பொறுமையாகப் பிரித்தெடுத்து, புது மண்ணின் அடியில் சரளையும் கரியும் பரப்பி, பழைய தொட்டியில் வாடையில்லாத மேற்சருகு ஒரு கைப்பிடியைப் புது மண்ணோடு கலந்துவிட்டால், வேண்டிய நுண்ணுயிர்களும் ஸ்பிரிங்டெயில்களும் அதிலிருந்தே பரவிக்கொள்ளும்.