முதல் பனிச்சறுக்குக்கு நிசேகோ வேண்டாம்

கேள்வி: பிப்ரவரியில் ஒரு வாரம் டோக்கியோ போகிறோம். நான், கணவர், ஒன்பது வயது மகன், 66 வயது மாமியார். யாரும் இதுவரை பனியைத் தொட்டதில்லை. நடுவில் இரண்டு நாள் நிசேகோ போய்ப் பனிச்சறுக்கு கற்கலாம் என்கிறார் கணவர். சரிவருமா? மாமியார் சுத்த சைவம்.

வடக்கே ஹொக்கைடோ தீவில் இருக்கும் நிசேகோ அருமையான ஊர்தான், ஆனால் உங்கள் இரண்டு நாள் கணக்குக்கு ஒத்துவராது. டோக்கியோவிலிருந்து சிட்டோசே விமான நிலையத்துக்கு ஒன்றரை மணி நேரம் பறக்க வேண்டும், அப்புறம் பஸ்ஸில் இன்னும் இரண்டரை, மூன்று மணி நேரம். பயணத்திலேயே பொழுது போய்விடும். போதாததற்கு, அங்கே உலகமே தேடிப் போவது மாவு போன்ற புதுப்பனியை. முழங்கால் வரை புதையும் அந்தப் பனியில் ஓரளவு பழகியவர்களே தடுமாறுவார்கள். முதல் நாள் கற்பவருக்கு வேண்டியதெல்லாம் இயந்திரம் ஓட்டிச் சமன்செய்த, சாய்வு குறைந்த ஒரு சரிவு. அதற்குக் கடல் தாண்ட வேண்டியதில்லை.

நீங்கள் காலா யுசாவா என்ற பனிச்சறுக்கு ரிசார்ட்டுக்குப் போங்கள். டோக்கியோ ஸ்டேஷனில் ஜோயெட்சு ஷின்கான்சென் என்ற புல்லட் ரயிலில் ஏறினால் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம். டிக்கெட், வாடகைச் சாமான், உடை மாற்றும் அறை எல்லாம் ரயில் நிலையக் கட்டடத்துக்குள்ளேயே. அங்கிருந்தே கோண்டோலா (கேபிள் கார்) மலைக்கு ஏறும். எல்லா ரயிலும் காலா வரை போகாது. முந்தைய நிலையமான எச்சிகோ யுசாவாவோடு நிற்பது கிடைத்தால் அங்கே இறங்கி ரிசார்ட்டின் பஸ்ஸைப் பிடிக்கலாம்.

போகும்போது பையனை ஜன்னலோரம் உட்கார வையுங்கள். வழியில் 22 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் வரும். இந்தப் பக்கம் பளிச்சென்ற வெயில் என்றால், அந்தப் பக்கம் வெளியே வரும்போது வீட்டுக் கூரையெல்லாம் வெள்ளையாக இருக்கும். சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று ஜப்பான் கடலில் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து, மலையில் மோதி, பனியை அங்கேயே கொட்டிவிடுகிறது. டோக்கியோவுக்கு மிஞ்சுவது வறண்ட காற்றுதான்.

தேதியைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பிப்ரவரி 11, 23 இரண்டும் அங்கே அரசு விடுமுறை. டோக்கியோவுக்குப் பக்கம் என்பதால் சனி ஞாயிறும் திருவிழாக் கூட்டம். செவ்வாய், புதன் மாதிரி வார நாள் உத்தமம். ஆங்கிலத்தில் சொல்லித்தரும் வகுப்புகள் சீக்கிரம் நிரம்பிவிடும். விமான டிக்கெட் போட்ட கையோடு அதையும் பதிவு செய்துவிடுங்கள். கணவரே மகனுக்குக் கற்றுத்தருவார் என்று மட்டும் நினைக்காதீர்கள், இருவரும் சேர்ந்து விழுவார்கள்!

சறுக்குப் பலகை, பூட்ஸ், மேலுடை எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். கையுறை, தொப்பி, காகிள்ஸ் பெரும்பாலும் சொந்தமாக வாங்க வேண்டியிருக்கும். உள்ளே பருத்தி பனியன் வேண்டாம். வியர்வையில் நனைந்தால் காயாது, உடம்பு விறைக்கும். நான் முதல் தடவை ஜீன்ஸ் போட்டுக்கொண்டு போய், மதியத்துக்குள் முட்டிக்குக் கீழே உணர்வே இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். பெரிய சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு போகாமல் டோக்கியோ ஹோட்டலிலேயே விட்டுவிடுங்கள்.

பயண இன்ஷூரன்ஸில் பனிச்சறுக்கு சேர்ந்திருக்கிறதா என்று பாலிசியை ஒருமுறை படித்துவிடுங்கள். சாதாரண பாலிசிகளில் இது விலக்கப்பட்டிருப்பது சகஜம்.

மாமியார் சறுக்க வேண்டாம், ஆனால் மேலே வரட்டும். சறுக்காதவர்களுக்குத் தனி கோண்டோலா டிக்கெட் உண்டு. வழுக்காத அடிப்பாகமுள்ள ஷூ கட்டாயம். இரவு எச்சிகோ யுசாவாவில் தங்கினால் வெந்நீர் ஊற்றுக் குளியலும் கிடைக்கும். பொதுக் குளியலில் ஆண் பெண் தனித்தனிதான், ஆனால் உடையில்லாமல்தான் இறங்க வேண்டும். கூச்சமாக இருந்தால், குடும்பத்துக்கென்று தனியாக எடுக்கும் குளியல் அறை உள்ள விடுதியாகப் பாருங்கள்.

சாப்பாடுதான் உண்மையான சிக்கல். காய்கறி சூப், நூடுல்ஸ் என்று பார்க்கச் சைவமாக இருப்பதிலும் தாஷி என்ற மீன் சாறு இருக்கும். மலை மேல் கேன்டீனில் விற்கும் கறி ரைஸில் மாட்டிறைச்சியோ பன்றி இறைச்சியோ கலந்திருக்கும். விடுதியில் பதிவு செய்யும்போதே மீன் சாறும் கூடாது என்று எழுதிவிடுங்கள். அதையும் நம்பி இருக்காமல் ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல் கொண்டுபோங்கள். கன்வீனியன்ஸ் ஸ்டோர்களில் மைக்ரோவேவில் சூடாக்கும் வெறும் சோறு பாக்கெட்டில் கிடைக்கும், பிசைந்து கொடுத்துவிடலாம். பாட்டிலைச் செக்-இன் பெட்டியில் போடுங்கள். கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையிலேயே பிடுங்கிவிடுவார்கள்.