பாறைக்குள் பொந்து: கேள்வி பதில்

கேள்வி: கலிஃபோர்னியாவின் மெசா கிராண்டேயில் உள்ள ஹிமாலயா சுரங்கத்தில் இளஞ்சிவப்பு டூர்மலின் என்ற மணிக்கல்லை எடுத்தார்களே, பாறைக்குள் அது இருக்கும் பொந்தை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? வெடி வைத்தால் கல் நொறுங்காதா?

பதில்: நொறுங்கும். அதனால்தான் பொந்துகள் இருக்கும் பட்டையை விட்டு விலகி, பக்கத்துப் பாறையில் துளை போட்டு, வெடிமருந்தைக் குறைத்து வெடிப்பார்கள். அங்குள்ள பெக்மடைட் (பெரிய படிகங்கள் கொண்ட தீப்பாறை) சாய்வாகக் கிடக்கும் மெல்லிய பாளம். பல இடங்களில் ஒரு மீட்டர் தடிமன்கூட இராது. கீழ்ப்பகுதியில் கார்னெட் என்ற கனிமம் வரிவரியாக ஓடும். பொந்துகள் பெரும்பாலும் நடுவில்.

நெருங்கும்போது பாறையே சொல்லிவிடும். கறுப்பு டூர்மலின் தண்டுகள் பொந்தை நோக்கித் தடித்து, நுனியில் பச்சையோ இளஞ்சிவப்போ ஆகும். ஃபெல்ஸ்பார் என்ற கனிமம், கிளீவ்லாண்டைட் என்ற வெள்ளைத் தகடுகளாக மாறும். ஊதா நிற லெபிடோலைட் (ஒரு வகை மைக்கா) தென்பட்டால் கூடுதல் கவனம் வேண்டும். துளைக்கருவி திடீரென்று உள்வாங்கி, ஈரக் களிமண் வந்தால் உடனே நிறுத்த வேண்டும்.

பிறகு கைவேலைதான். கடப்பாரை கூடாது, அவசரத்தில் பலரும் கல்லைக் கெடுப்பது அதனால்தான். மரக்குச்சியால் களிமண்ணைத் தளர்த்தி, முழுவதையும் சல்லடையில் நீரூற்றிக் கழுவ வேண்டும். பொந்துக்குள்ளேயே இயற்கையாக உடைந்த படிகங்கள் ஏராளம். துண்டுகளைப் பொருத்தி ஒட்டினால் முழுப் படிகமும் கிடைக்கலாம்.

அந்தக் காலத்தில் இந்தக் கல்லின் பெரிய சந்தை சீனா. அந்நாட்டுப் பேரரசி சிஷி இளஞ்சிவப்பை விரும்பினார். 1912-இல் அங்கே சிங் வம்ச அரசு வீழ்ந்த காலத்தில் அந்த வணிகமும் சரிந்தது.