பாரீசின் தூர் தர்ஜான் உணவகத்தில் வாத்துக்கு எண் போட்டு அட்டை தருவது வெறும் விளம்பரமா?

விளம்பரமும்தான். ஆனால் "வெறும்" என்று நீங்கள் போட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. 1582-இல் தொடங்கிய உணவகம் என்று எங்கேயோ படித்துவிட்டு, எல்லாமே கட்டுக்கதை என்ற முடிவோடு கேட்டிருப்பீர்கள் என நினைக்கிறேன். அந்த 1582 பற்றிய சந்தேகம் நியாயமானது. உறுதியான சான்று கிடையாது. எண் விஷயம் வேறு. பரிமாறும் ஒவ்வொரு வாத்துக்கும் வரிசை எண் போட்டு, அந்த எண்ணுள்ள அட்டையைச் சாப்பிடுபவருக்குத் தரும் வழக்கம் அது. அதை 1890-இல் உணவகத்தை நடத்திய ஃபிரெடெரிக் தெலேர் தொடங்கினார். பிரான்சின் ருவான் ஊர்ப் பக்கம் ஏற்கெனவே இருந்த, வாத்தை அழுத்திச் சாறெடுத்துக் குழம்பாக்கும் சமையல்முறையை எடுத்து, விருந்தினர் கண்ணெதிரே செய்யும் வித்தையாக்கியவர் அவர்.

அந்த வித்தை எவ்வளவு நுணுக்கமானது என்று தெரிந்தால்தான் எண்ணின் அர்த்தம் புரியும். மரபுப்படி வாத்தைக் கழுத்தறுக்காமல் மூச்சடைத்துக் கொல்வார்கள், ரத்தம் உடம்பிலேயே தங்குவதற்காக. (கொடுமை என்று சொல்ல வருபவர்களுக்கு: நான் நியாயப்படுத்தவில்லை, முறையைச் சொல்கிறேன்.) நல்ல சூட்டில் சுமார் 20 நிமிடம்தான் வாட்டுவார்கள். நேரம் கூடினால் ரத்தம் உள்ளேயே உறைந்துவிடும், பிறகு எவ்வளவு அழுத்தினாலும் சாறு வராது. மார்புக்கறியை மெல்லிசாக அரிந்து வைப்பார்கள். கால்கள் அப்போது அரைவேக்காடுதான். அவை மறுபடி நெருப்பில் வாட்டப்பட்டு இரண்டாவது சுற்றில் வரும். மிஞ்சிய எலும்புக்கூட்டை உடைத்து வெள்ளிப் பொறிக்குள் போட்டு மேலே உள்ள சக்கரத்தைத் திருகினால், ரத்தமும் மஜ்ஜையும் கீழ்மூக்கு வழியே வடியும்.

அதில் மசித்த ஈரல், கொன்யாக், மதீரா ஒயின், வாத்தெலும்பு சூப், கொஞ்சம் எலுமிச்சை சேர்த்து, மேசையருகே சிறு அடுப்பில் 20-25 நிமிடம் கைவிடாமல் கிளற வேண்டும். கெட்டி கொடுப்பது மாவல்ல, ரத்தமும் ஈரலும். ஒரு கொதி வந்தாலும் போச்சு, நம்மூர் ரத்தப் பொரியல் மாதிரி திரிதிரியாகிவிடும். தீயைக் குறைத்தே வைத்தால் நீர்த்து நிற்கும். முன்கூட்டியே செய்து வைக்கவும் வழியில்லை. ஒவ்வொரு வாத்தும் தனி வேலை, அதனால்தான் தனி எண்.

அந்த எண்களே உணவகத்தின் வரலாறு. 1890-இல் வேல்ஸ் இளவரசர், அதாவது பின்னாளில் ஏழாம் எட்வர்ட், சாப்பிட்டது 328-ஆம் எண் வாத்து. 1921-இல் ஜப்பானிய இளவரசர் ஹிரோஹிட்டோவுக்கு 53,211. பத்து லட்சமாவது வாத்து 2003-இல். கணக்குப் போட்டால் முதல் 31 ஆண்டுகளில் நாளொன்றுக்குச் சராசரி ஐந்துகூட இல்லை. அடுத்த 82 ஆண்டுகளில் முப்பதைத் தாண்டுகிறது. நடுவில் இரண்டாம் உலகப்போரும் ஜெர்மன் ஆக்கிரமிப்பும் வேறு.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். உணவகங்களின் தரத்துக்கு மிஷலின் கையேடு தரும் நட்சத்திரங்களில் 1996-இல் மூன்றாவது போனதையும், 2006-இல் இரண்டாவது போனதையும் எழுதுகிறவர்கள் சமையலறைத் தலைவரைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். கூடத்தில் நின்று வாத்தை அரிந்து, பொறியைத் திருகி, குழம்பைத் திரியாமல் காப்பாற்றும் பரிமாறுநரை யாரும் கண்டுகொள்வதில்லை. இந்த உணவின் பாதிச் சமையல் அவர் கையில்தான் நடக்கிறது. தெலேர் காலத்தில் அந்த வேலையை உரிமையாளரான அவரே செய்தார்.