‘தாய் ஓங் தத் மா’: ஒரு வியட்நாமியச் சொலவடையின் பூர்வீகம்

கேள்வி: நஷ்டப்பட்டவரைத் தேற்ற வியட்நாமியர் ‘தாய் ஓங் தத் மா’ என்கிறார்களே, யார் இந்த ‘தாய் ஓங்’?

பதில்: அது ஆள் பெயர் இல்லை. வியட்நாமியம் ரோமன் எழுத்தில் எழுதப்படுவது; ஆள் பெயரைப்போல முதலெழுத்தைப் பெரிதாகப் பலர் எழுதுவதால் வரும் குழப்பம். ‘தாய்’ எல்லை அரண், ‘ஓங்’ கிழவர், ‘தத்’ இழத்தல், ‘மா’ குதிரை. எல்லைப்புறத்துக் கிழவர் குதிரையைத் தொலைத்தார், அவ்வளவுதான்.

கேள்வி: கதை என்ன?

பதில்: சீனக் கதை. ஹுவாய்நான் அரசர் லியூ ஆன் கி.மு. 139இல் ஹான் பேரரசர் வூவிடம் அளித்த ‘ஹுவாய்நான்ஸி’ என்ற நூலின் 18ஆம் இயலில் வருகிறது. ஓடிப்போன குதிரை சில மாதம் கழித்து நல்ல சாதிக் குதிரையோடு திரும்புகிறது. மகன் சவாரி செய்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொள்கிறான். மறு வருஷம் படையெடுப்பு. போருக்குப் போனவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் மடிகிறார்கள். நொண்டி மகன் பிழைக்கிறான். ஒவ்வொரு முறையும் ஊரார் துக்கமோ வாழ்த்தோ சொல்ல, கிழவர் இரண்டையும் ஏற்பதில்லை.

கேள்வி: இதைச் சீனக் கடன் என்று சொல்லை வைத்தே கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முடியும். முதலில் வரிசையைப் பாருங்கள். வியட்நாமியத்தில் பெயர்ச்சொல் முன்னால், அடைமொழி பின்னால். இங்கே ‘எல்லை’ முன்னால் நிற்கிறது. அது சீன வரிசை. அடுத்து, அன்றாடப் பேச்சில் இழப்பதற்கு ‘மத்’ என்றுதான் சொல்வார்கள். ‘தத்’ தனியாகப் புழங்காது. மூன்றாவதுதான் முக்கியம்: ‘தத்’தின் கடைசி ‘த்’. இன்றைய பொதுச் சீனமான மாண்டரினில் அதே சொல் ‘ஷீ’, ஈற்று மெய் போய்விட்டது. தென் சீனப் பேச்சான கான்டனீஸில் ‘ஸத்’, இன்னும் இருக்கிறது. ஆக, இந்த உச்சரிப்பு சீனாவின் தாங் வம்சக் காலத்தை (கி.பி. 7–10ஆம் நூற்றாண்டு) ஒட்டிய பழைய சீன வாசிப்பிலிருந்து வந்தது. மாண்டரினோடு மட்டும் ஒப்பிட்டால் தடம் தவறிவிடும்.

கேள்வி: நெட்டில் தேடினால் சம்பந்தமில்லாதது வருகிறதே?

பதில்: தொனிக்குறியை, அதாவது குரலின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் குறியை, விட்டிருப்பீர்கள். குதிரைக்கு ‘மா’வின் மேல் அலைக்குறி வேண்டும். குறியே இல்லாவிட்டால் பேய், கொக்கிக்குறி போட்டால் கல்லறை. தென் வியட்நாமியப் பேச்சில் அலையும் கொக்கியும் ஒரே ஒலி. அதனால் அங்கே எழுத்துப்பிழை சகஜம். ‘தாய் ஓங் மத் ஙூஅ’ என்ற பாதி நாட்டு வடிவத்தையும் தேடுங்கள். ‘ஙூஅ’ அன்றாடக் குதிரை.

கேள்வி: ‘கெட்டதிலும் ஒரு நல்லது’ என்பதுதானே பொருள்?

பதில்: பாதிதான். அதற்கு ‘த்ரோங் காய் ரூய் கோ காய் மாய்’ என்று தனி வழக்கு உண்டு. கிழவர் கதை மறுபக்கமும் பேசுகிறது: வந்த அதிர்ஷ்டத்தையும் நம்பாதே. தொடர்ந்து வரும் ‘அன் த்ரி ஹோவா ஃபுக்’, கேடா நலமா என்று எப்படி அறிவது, என்ற பகுதியை விட்டுவிட்டுச் சொல்வதால்தான் அது வெறும் ஆறுதலாகச் சுருங்கிவிட்டது.